பெட்டி தனி, உலை ஒன்று: காரைக்குடியில் ஆய்வாளர்கள் கூடி உட்காருவது பற்றி

கேள்வி இது: "காரைக்குடியில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராக இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். கோர்ஸ் ஒர்க் என்னும் தொடக்கப் பாட வகுப்புகள் முடிந்த பிறகு யாரையும் பார்ப்பதே அரிதாகிவிட்டது. நெறியாளரிடம் மாதம் ஒருமுறை பேசுகிறேன், அவ்வளவுதான். மற்ற ஆய்வாளர்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கலாமா என்று தோன்றுகிறது. ஆனால் ஆளுக்கு ஒரு துறை, ஆளுக்கு ஓர் ஊர். இது நடக்குமா? எப்படித் தொடங்குவது?"

நடக்கும். நான் இதே ஊரில் ஆய்வு செய்தவன். நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில், ஆய்வேட்டை ஒப்படைக்கும் வரை உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என்னிடம் பதிவு செய்யும் ஆய்வாளர்களிடம் முதல் வாரத்திலேயே இதைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் கூட்டம் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. விடுதியில் என் அறையிலிருந்து இரண்டு அறை தள்ளி ஒரு நண்பர் இருந்தார். நாட்டுப்புறப் பாடல்களில் ஆய்வு, நான்காம் ஆண்டு, மூன்று இயல்கள் எழுதி முடித்திருந்தார். ஒருநாள் காலையில் அவர் அறை பூட்டியிருந்தது. பெட்டி படுக்கையோடு இரவே ஊருக்குப் போய்விட்டதாகச் சமையற்காரர் சொன்னார். பிறகு தொலைபேசியில் பேசியபோதுதான் தெரிந்தது. சேகரித்த நடவுப் பாடல்களை எந்த அடிப்படையில் பகுப்பது என்ற ஒரே இடத்தில் எட்டு மாதமாக நின்றிருக்கிறார். நெறியாளரிடம் கேட்கப் பயம். அதே சிக்கலை நான் முந்தைய ஆண்டு கடந்து வந்திருந்தேன். எனக்கு உதவிய இரண்டு புத்தகங்களும் என் மேசையில்தான் கிடந்தன. தினமும் குழாயடியில் பார்த்துக்கொண்டோம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டோம். எந்த இடத்தில் நிற்கிறாய் என்று மட்டும் நான் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை. அடுத்த மாதம் எங்கள் சனிக்கிழமை தொடங்கியது.

நீங்கள் சொல்லும் தனிமை உங்களுடைய குணக்கேடு என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பின் அமைப்பே அப்படி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி கோர்ஸ் ஒர்க் 12 முதல் 16 கிரெடிட் வரை. அது முடிந்துவிட்டால் வகுப்பு கிடையாது, மணியும் கிடையாது. ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் பருவத்துக்கு ஒருமுறை நின்றால் போதும். அதாவது நெறியாளர் தானாகக் கேட்டாலொழிய, ஆறு மாதம் வரை "என்ன செய்தாய்" என்று கேட்க யாருமில்லை. குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, சாதாரணமாக ஆறு ஆண்டு வரை இப்படியே ஓடலாம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 ஆய்வு மாணவர்களிடம் விசாரித்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூவரில் ஒருவர் மனநலச் சிக்கலுக்கு ஆளாகும் நிலையில் இருந்தது தெரியவந்தது. மறு ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரைக் கேட்டது. பொதுமக்களைவிட ஆய்வு மாணவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் ஆறு மடங்கு அதிகம் என்றது. முதல் ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. நெறியாளர் நடத்தும் விதம், வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான இழுபறி ஆகியவற்றோடு, குழுவில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதும் மனநலத்தோடு தொடர்புடையதாக இருந்தது. நெறியாளரை மாற்றுவது எளிதல்ல. வீட்டை மாற்றவே முடியாது. ஆனால் நான்கு பேர் உட்கார்ந்து பேசும் ஓர் இடத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

ஆளுக்கு ஒரு துறை என்று தயங்குகிறீர்கள். செட்டிநாட்டில் இருந்துகொண்டு அப்படித் தயங்க வேண்டியதில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எப்படி இருந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அப்படிப்பட்ட கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளமான ஒரு கூடம். ஒவ்வொரு கடைக்கும் அதில் கொஞ்சம் இடம், கணக்குப்பிள்ளை மேசை ஒன்று, பெட்டி ஒன்று. பகலில் அங்கே வியாபாரம், இரவில் அங்கேயே படுக்கை. ஒருவர் பேரேட்டை இன்னொருவர் புரட்டிப் பார்க்க மாட்டார். ஒருவர் லாபத்தில் இன்னொருவருக்குப் பங்கில்லை. ஆனால் சமையல் பொது. புதிதாக வேலை பழக வந்த பெட்டியடிப் பையனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துக் கடைக்காரர் கண்ணில் படாமல் போகாது. ரங்கூனில் நடப்பு வட்டியைக்கூட அவரவர் தனித்தனியாகத் தீர்மானிக்காமல் மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் முடிவு செய்தார்கள்.

பெட்டி தனி, உலை ஒன்று. ஊரில் இதற்கு நேர்மாறான வழக்கம் இருந்தது என்பதையும் கவனியுங்கள். திருமணமான மகனை வேறுவைத்துவிடுவார்கள். ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் சமையல் தனி. சொந்த ஊரில் உறவு சுற்றி இருப்பதால் தனி உலை தாங்கும். கடல் கடந்து போனால் தாங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆய்வும் கடல் கடந்த வாழ்க்கைதான். உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே ஆய்வு செய்தாலும், என்ன செய்கிறாய் என்று கேட்கும் சித்தப்பாவுக்கு நம்மால் பதில் சொல்ல முடிவதில்லை.

வேறு வேறு துறையினர் உட்காருவதில் என்ன பயன் என்பதற்கு ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். எங்களோடு மின்கல ஆய்வு செய்யும் ஒருவர் இருந்தார். சோடியம் அயனி மின்கலத்துக்கான நேர்மின்வாய்ப் பொருள் தயாரிப்பது அவர் வேலை. முதலில் நன்றாக வந்த மின்கலங்கள் பிறகு வரிசையாகத் தோற்றன. இரண்டு மாதமாகச் செய்முறையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு, ஆளே பாதியாகிப்போய் வந்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வரலாற்று ஆய்வாளர். நகரத்தார் வீட்டுக் கடிதங்களையும் கணக்குகளையும் வைத்து ஆய்வு செய்பவர். தேதியில்லாத காகிதத்தை நம்பாதவர். அவர் அந்த வேதியியலுக்குள்ளேயே போகவில்லை. "தோற்றவை எல்லாம் எந்தெந்தத் தேதியில் செய்தவை? வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார். நோட்டைத் திருப்பித் திருப்பித் தேதிகளை வாசித்தார் மின்கலக்காரர். வரலாற்றுக்காரர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். எல்லாம் ஐப்பசி மழை பிடித்த பிறகு. மின்கலக்காரர் தயாரித்த அந்தப் பொருள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கக்கூடியது. ஒரே தயாரிப்பில் வந்த தூளைச் சாதாரண மூடி போட்ட புட்டியில் அலமாரியில் வைத்து, அதிலிருந்தே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். ஈரம் எவ்வளவு கெடுதல் என்று அவருக்குப் பாடமாகத் தெரியும். தன் அலமாரியை மட்டும் அவர் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. புதிதாகத் தூள் தயாரித்து, ஈரம் புகாத கலத்தில் வைத்த பிறகு மின்கலங்கள் மறுபடி நன்றாக வந்தன. தன் துறைக்காரர் யாராக இருந்தாலும் முதலில் செய்முறையைத்தான் கேட்டிருப்பார்கள்.

காரைக்குடியில் இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே தற்செயல் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமும் அமைந்தது. கம்பராமாயணம் படிப்பவரும் உலோக அரிமானம் (துருப்பிடித்தல்) படிப்பவரும் ஒரே டீக்கடையில் நிற்கக்கூடிய ஊர் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது? இருவரும் பேசிக்கொள்ளாமல் டீ குடித்துவிட்டுப் போவதுதான் எனக்கு வருத்தம்.

இனி எப்படி நடத்துவது என்பதற்கு வருகிறேன். முதலில் நாள். எல்லாருக்கும் வசதியான நாளை ஒவ்வொரு வாரமும் கேட்டு முடிவு செய்யலாம் என்று தொடங்கினால் மூன்றாம் வாரம் நின்றுவிடும். இதே ஊரில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் திருநாளைப் பாருங்கள். பங்குனி மகம், பூரம், உத்தரம் காரைக்குடியில், அத்தம் நாட்டரசன்கோட்டையில். யாருக்கு வசதி என்று யாரும் கேட்பதில்லை. நட்சத்திரம் வந்தால் விழா. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும். எங்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டரை. மாலை என்று ஒருவர் சொன்னார். தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வரும் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்பதால் காலைக்கு மாற்றினோம். இது சின்ன விஷயமாகத் தெரியும். மாலை வைத்திருந்தால் எங்களில் பாதிப் பேர் இரண்டாம் மாதமே நின்றிருப்பார்கள்.

இடம் எந்த நெறியாளரின் அறையாகவும் இருக்கக் கூடாது. யார் வீட்டுக் கூடமாவது, நூலகத்தின் ஓர் ஓரமாவது போதும். எங்களுக்கு ஒரு பழைய வீட்டின் முகப்புத் திண்ணை கிடைத்தது. உரிமையாளர்கள் வெளியூரில் இருந்தார்கள், காவலுக்கு இருந்த பெரியவர் பாய் எடுத்துக் கொடுப்பார். டீ முறை வைத்து வாங்கினோம். உதவித்தொகை வாங்குபவர், வாங்காதவர் என்ற வேறுபாடு தெரியாதபடி முறை எல்லாருக்கும் ஒன்றுதான், செலவும் எளிதாகத் தாங்கும் அளவுதான்.

கூட்டத்தில் செய்தது இரண்டே வேலை. முதலாவது சிட்டை. ஒரு நீள நோட்டில் ஒவ்வொருவரும் மூன்று வரி எழுதி வாய்விட்டு வாசிக்க வேண்டும்: இந்த வாரம் செய்தது என்ன, நிற்கும் இடம் எது, அடுத்த வாரம் செய்யப்போவது என்ன. கருத்துச் சொல்லக்கூடாது, கேட்டால் போதும். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில், பகுதிநேரமாக ஆய்வு செய்த பள்ளி ஆசிரியை ஒருவரின் கையெழுத்து: "இந்த வாரம் ஒன்றும் எழுதவில்லை. பையனுக்கு அம்மை. நிற்கும் இடம் அதே இடம். அடுத்த வாரம் வருகிறேன்." அதற்குக் கீழே அடுத்த வாரத் தேதி போட்டு: "இரண்டு பத்தி." அவ்வளவுதான். அவர் பிறகு எழுதிய இயல்களைவிட அந்த இரண்டு பத்திதான் எனக்கு நினைவிருக்கிறது. ஒன்றும் செய்யாத வாரத்தில் ஒருவர் கூட்டத்துக்கு வருகிறார் என்றால் அந்தக் கூட்டம் பிழைத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டாவது, ஒரு பக்கம். வாரம் ஒருவர் தன் எழுத்தில் ஒரே ஒரு பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். முடித்த பக்கம் வேண்டாம், சிக்கிக்கொண்ட பக்கம். அதை எழுதியவர் வாசிக்க மாட்டார், வேறொருவர் உரக்க வாசிப்பார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் வாக்கியத்தை நாம் வாசித்தால் தடுமாற்றம் தெரியாது. நம் மனத்தில் இருப்பதையும் சேர்த்து வாசித்துவிடுவோம். பிறர் வாசிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிறகு கேள்விகள் மட்டும். இப்படி எழுதியிருக்கலாம், அப்படி எழுதியிருக்கலாம் என்று தொடங்குபவரை நிறுத்திவிடுங்கள். "இந்தச் சொல்லால் என்ன சொல்கிறீர்கள்", "இது உங்களுக்கு எப்படித் தெரியும்", "இந்தப் பத்தி ஏன் இங்கே இருக்கிறது" என்ற மூன்று கேள்விகளே போதும், ஓர் இயல் எழுந்து நிற்கும்.

இவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன உதவிகள் தாமாகவே வளரும். தமிழ், வரலாறு படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் அவர் மறைவுக்குப் பிறகு சென்னைக்குப் போய் 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன. நம் பக்கத்து ஊரில் சேர்ந்த புத்தகத்தைப் பார்க்க நாம் இரவு ரயில் ஏற வேண்டியிருக்கிறது. எங்களில் யார் சென்னைக்குப் போனாலும் மற்றவர்களின் பட்டியலையும் எடுத்துப் போவார். எந்த நூல் இருக்கிறது, எந்தப் பதிப்பு, தேவையான பக்கம் எது என்று பார்த்து வருவார். ஒருவருடைய பயணத்தில் நான்கு பேருடைய அடிக்குறிப்பு சரியானது.

விதிகளும் அப்படித்தான். ஆய்வாளர்கள் நடுவே வதந்திக்குக் குறைவில்லை. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்பதை மானியக் குழு தன் 2022 விதியில் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் கேட்கலாம். பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக்காலம் முழுவதிலுமாக 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. கால வரம்பிலும் அவர்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு வரை தளர்வு உண்டு. இது தெரியாமல், பிள்ளை பிறந்ததும் பதிவை விட்டுவிடலாமா என்று யோசித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் ஆனது. அது தாமதமாகும் மாதங்களில் எந்தப் படிவம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை முந்தின ஆண்டு அதே வழியில் நடந்தவர்தான் சொல்ல முடியும். யாராவது ஒருவர் பொறுப்பேற்று, உங்கள் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தை முழுவதும் படித்துவிடுங்கள். "சொன்னார்கள்" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்.

பகுதிநேர ஆய்வாளர்களைக் கண்டிப்பாகச் சேருங்கள். துறைகளில் அவர்களைப் பெரும்பாலும் விருந்தாளி போலத்தான் நடத்துகிறார்கள். வேலை, வீடு இரண்டையும் இழுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் ஒரு பத்தி எழுதப் பழகியவர்கள் அவர்கள். முழுநேரக்காரர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நேரில் வர முடியாத வாரம் தொலைபேசியில் சிட்டை வாசிக்கலாம். வாட்ஸ்அப் குழு தகவல் சொல்ல மட்டும் போதும். காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் நிரம்பத் தொடங்கினால், தான் நிற்கும் இடத்தை அங்கே யாரும் எழுத மாட்டார்கள்.

கூட்டத்தைக் கெடுப்பவை எவை என்றும் பார்த்திருக்கிறேன். நெறியாளரைப் பற்றிய புறணி முதலாவது. மனக்குறையைச் சொல்லி அழ இடம் வேண்டும்தான், அதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். இரண்டு மணி நேரமும் அதிலேயே போனால் வீட்டுக்குப் போகும்போது பாரம் கூடித்தான் போகும். பேசியது வெளியே போனால் அதோடு கூட்டம் முடிந்தது. ஆகவே திண்ணையில் பேசியது திண்ணையோடு என்பதை முதல் நாளே எல்லார் வாயிலிருந்தும் வரவழையுங்கள். கைமாற்று வாங்குவதையும் கூட்டத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பாயில் உட்காரச் சங்கடப்படுவார்கள். மூத்தவர் ஒருவரே பேசிக்கொண்டிருப்பதும் ஆபத்துத்தான். தலைவர், செயலாளர் யாரும் வேண்டாம். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் அன்றைக்கு நடத்துவார், அடுத்த வாரம் நோட்டு கை மாறும்.

சக ஆய்வாளர்களால் தூக்க முடியாத சுமைகள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நெறியாளர் பணம் கேட்கிறார், வீட்டு வேலை வாங்குகிறார் என்றால், கூட்டம் செய்யக்கூடியது தேதிவாரியாக எழுதிவைக்க உதவுவதும் துணைக்குப் போவதும்தான். புகார் போக வேண்டிய இடம் மாணவர் குறைதீர்ப்புக் குழு. அங்கே தீராவிட்டால், 2023ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டிய குறைதீர்ப்பாளர். பாலியல் சீண்டல் என்றால் உள்ளகப் புகார்க் குழு. ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், சிட்டையில் "இதோடு போதும்" என்ற தொனியில் எழுதத் தொடங்கினால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். அன்றே அவர் அறைக்குப் போங்கள், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக ஒருவர் பஸ் ஏற வேண்டும்.

தொடங்குவதற்கு நான்கு பேர் போதும். உங்கள் துறையில் ஒருவர், வேறு துறையில் இருவர், பகுதிநேரக்காரர் ஒருவர். சுற்றறிக்கையெல்லாம் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள். "ஒரு குழு அமைக்கிறோம்" என்று சொன்னால் பயந்துவிடுவார்கள். "சனிக்கிழமை பத்து மணிக்கு என்னுடைய ஒரு பக்கத்தை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், வருகிறீர்களா" என்று கேளுங்கள். நம்மிடம் உதவி கேட்டு வருபவரை மறுப்பது கடினம். உங்கள் நெறியாளரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பின்னால் யாராவது வேறு மாதிரி சொல்லிக் கேள்விப்படுவதைவிட அது நல்லது. ஒருவர்தான் வந்தாலும் பத்து மணிக்குத் தொடங்கிவிடுங்கள். முதல் வாரத்துக்கு எந்தப் பக்கத்தை எடுத்துப் போவது என்று யோசிப்பீர்கள். கணினியில் நீங்கள் பல நாளாகத் திறக்காமல் வைத்திருக்கும் கோப்பு ஒன்று இருக்கும், அதிலிருந்து எடுங்கள்.